அந்த எண் யாருடையது, அப்பா?

என் சந்தேகக்கார அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் இங்கே இருப்பவர்களின் நலத்தைச் சொல்லியே தொடங்குகிறேன். அம்மாவுக்கு இன்று காலை வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று முப்பத்திரண்டு. அவளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தி அந்த எண்ணை ஏற்றினாள். ஏற்றிவிட்டு, "நெசமாவே யாராச்சும் பாக்குறாகளா?" என்று கேட்டாள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஜூஜுவாடியில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகளின் ஹாரன் சத்தம் குறையவே இல்லை. நானும் என் பழைய கம்பெனியில், அதே இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில்தான் இருக்கிறேன்.

உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. கேட்கலாமா, கூடாதா என்று தெரியாமல் இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். கேட்பதற்கு முன், நடந்ததை ஒருமுறை முதலிலிருந்து சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் நின்ற பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் பிரஸ் ஷாப்பில் நின்றவர் நீங்கள். தகடு வைத்து, மிதியை அழுத்தி, கையை எடுக்கும் அந்த ஒரு நொடியில் பிசகினால் விரல் போய்விடும் என்பீர்கள். உங்கள் பத்து விரலும் பத்திரமாக இருந்ததில் உங்களுக்கு அவ்வளவு பெருமை. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் மயங்கி விழுந்தீர்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, மாத்திரை போதாது, இனி காலையும் மாலையும் இன்சுலின் ஊசி என்றார்.

உங்கள் கம்பெனியில் மட்டும் நீங்கள் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. காரணம் முனியப்பா மாமா. பாகலூரிலிருந்து சைக்கிளில் வருவாரே, உங்கள் பக்கத்து மெஷின்காரர். கம்பெனி நடத்திய மருத்துவ முகாமில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மறு வாரமே பிரஸ்ஸிலிருந்து எடுத்து ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "மெஷின்ல நின்னவனக் குப்பைக்குக் காவல் வச்சிட்டாய்ங்க" என்று அன்று நீங்கள் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்று நடத்துவது. வீட்டிலேயே விரலில் குத்தி, மீட்டரில் பார்த்து, எண்ணை அதில் உள்ள கட்டத்தில் எழுதினால் போதும். அங்கே நர்ஸ் பார்ப்பார், டாக்டர் ஊசியின் அளவைச் சொல்வார். பதில் மெயிலில் வரும். ஒருமுறை நேரில் வந்து காட்ட வேண்டும் என்றும் இருந்தது. நீங்கள் ஓவர்டைம் பார்க்கிறவர், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க மாட்டீர்கள். இது சரிப்பட்டு வரும் என்று நினைத்தேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, போன் லைனில் இன்டர்நெட்டும் இழுத்தேன்.

நீங்கள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எட்ட நின்று கேட்டீர்கள்.

"இத யாரு பாப்பா பாக்குறா?"

"பெங்களூர்ல ஒரு நர்சுப்பா."

"அவகிட்டருந்து எங்க கம்பெனிக்குப் போகாதுன்னு எழுதிக் குடுப்பாளா?"

"உங்க கம்பெனிக்கும் அவங்களுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"ஒயர்லதான போகுது? எல்லா ஒயரும் ஒரே கம்பத்துலதான தொங்குது."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தீர்கள். உங்கள் பெயர் எங்கேயும் வரக்கூடாது. அம்மா பெயரைப் போடச் சொன்னீர்கள். அப்படித்தான் பாண்டியம்மாள், பெண், வயது நாற்பத்தெட்டு என்று உங்கள் சர்க்கரை இன்டர்நெட்டில் ஏறியது. எப்போது நேரில் வருகிறீர்கள் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம், "அடுத்த மாசம்னு போடு" என்பீர்கள். நானும் போட்டேன். அதில் என் பங்கும் உண்டு.

சந்தேகம் உங்களுக்கு மட்டும் இருந்ததாக நினைக்காதீர்கள். எனக்கும் இருந்தது, வேறு மாதிரி. தினமும் மாலையில் ஆங்கிலத்தில் ஒரே வரி வரும். அளவுகளைப் பார்த்தோம், அதே மருந்தைத் தொடரவும். நூற்றெழுபது எழுதினாலும் அதே வரி, இருநூற்றிருபது எழுதினாலும் அதே வரி. ஆள் பார்க்கிறதா, மெஷின் பார்க்கிறதா? யாருமே பார்க்காத ஒரு கட்டத்தில்தான் என் அப்பாவின் உயிரை எழுதிக்கொண்டிருக்கிறேனா?

ஒரு சனிக்கிழமை மதியம் சோதித்துப் பார்த்தேன். உங்களிடம் சொல்லாமல், ஐநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

டீ போட்டு முடிப்பதற்குள் வீட்டு போன் அடித்தது. நீங்கள்தான் எடுத்தீர்கள். அந்தப் பக்கம் பாண்டியம்மாவா என்று கேட்டிருக்க வேண்டும். "ஆமா, நான்தான்" என்றீர்கள். பிறகு, "இல்லம்மா, அவ வீட்டுக்காரன் பேசுறேன்" என்றீர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற நான், உங்கள் முகம் வெளிறுவதைப் பார்த்ததும் ரிசீவரைப் பிடுங்கினேன்.

"அம்மாக்கு ஹுஷார் இதியா? பேசறாங்களா? மூச்சு வாங்குதா? ஐநூறுக்கு மேல இதே, உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று கன்னடமும் தமிழுமாகப் பதறிக்கொண்டிருந்தது ஒரு பெண் குரல். அதுதான் நர்ஸ் கங்கா. யாராவது பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளச் சும்மா எழுதினேன் என்று சொன்னேன்.

"மேடம், நீங்க போடற நம்பர் நிஜம்னு நம்பித்தான் நான் இங்க உக்காந்திருக்கேன். நம்பர்ல வெளையாடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெட்கமாக இருந்தாலும் எனக்கு நிம்மதி. ஆள் இருக்கிறது. உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அப்ப நெசமாவே பாக்குறாய்ங்க" என்றீர்கள். அதை நான் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அது பயம் என்று எனக்கு ஏன் தெரியவில்லை?

அடுத்த வாரத்திலிருந்து உங்கள் எண்கள் இறங்கத் தொடங்கின. நூற்றெட்டு. நூற்று நான்கு. நூற்றுப் பதினொன்று. கம்ப்யூட்டரில் வரும் கோடு பச்சைப் பட்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மெயிலில் முதல் முறையாக வாழ்த்து வந்தது. கூடவே ஊசியைக் காலையில் நான்கு யூனிட், மாலையில் நான்கு யூனிட் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் குறைத்தீர்கள். அம்மா பாயசம் வைத்தாள். நீங்கள் இரண்டு வாய் குடித்தீர்கள்.

என் வேலை அளவு பார்ப்பது அப்பா. எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் அளவு கொஞ்சம் ஆடும். ஆடாத அளவை ஒருவர் கொண்டுவந்து நீட்டினால், பீஸைத் தொடாமலே தாளை நிரப்பியிருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் எண்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த உறுத்தல். நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் மீட்டரை எடுத்து, அதன் நினைவில் நின்ற எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நீங்கள் சொன்னதும் அதில் இருந்ததும் ஒன்றுதான். மீட்டரே தவறோ என்று என் விரலில் குத்திப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு. மீட்டரில் பிழை இல்லை. பெற்ற தகப்பனைத் திருடனைப் போல வேவு பார்க்கிறோமே என்று வெட்கப்பட்டு, மீட்டரை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஆனால் நீங்கள் குடித்துக் குடித்துத் தண்ணீர்க் குடம் காலியாகிக்கொண்டே இருந்தது. நீங்கள் சிறுநீர் கழித்துவிட்டு வந்த பிறகு பாத்ரூம் ஓரத்தில் எறும்பு மொய்த்தது. உங்கள் இடது காலுறையைத் துவைக்கும்போது சுண்டுவிரல் பக்கம் மஞ்சளாகக் கறை. கேட்டதற்கு, "சேஃப்டி ஷூ கடிச்சிருச்சு" என்றீர்கள். டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "நூத்தி எட்டு இருக்கவனுக்கு எதுக்கு டாக்டரு?" என்றீர்கள். எண் உங்கள் பக்கம் இருந்தது.

அப்புறம் அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்தது. மூட்டெல்லாம் வலி, காய்ச்சல். கொஞ்சம் எழுந்து நடமாடத் தொடங்கியதும் எலுமிச்சம்பழம் பிழிந்தவள், "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். பிடித்துப் பார்த்தேன். நடுவிரலிலும் மோதிர விரலிலும் நுனி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்.

"என்னம்மா இது?"

"வெங்காயம் நறுக்குனேன்."

"வெங்காயம் நறுக்குனா இப்படி ஊசி குத்துன மாதிரியா இருக்கும்?"

கையை உருவிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுத்தா. உங்கப்பாகிட்ட கேளு."

அன்றே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்கலாம் என்றிருந்தேன். நீங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் செக்யூரிட்டி வந்து, என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். என் கம்பெனி வாசலுக்கு நீங்கள் அதற்கு முன் வந்ததே இல்லை. சட்டைப் பையில் மீட்டரோடு, வெயிலில், ஒரு காலைத் தாங்கித் தாங்கி நின்றுகொண்டிருந்தீர்கள்.

"இது கெட்டுப் போச்சான்னு பாரு பாப்பா. நீதான் அளவு பாக்குறவ."

"என்ன காட்டுது?"

"அம்மாவுக்கு இருநூத்தி முப்பத்தொண்ணு காட்டுது. நேத்தும் இருநூறுக்கு மேலதான்."

"அம்மாவுக்கு எதுக்குப்பா பாத்தீங்க?"

நீங்கள் ரோட்டைப் பார்த்தீர்கள்.

"தெனம் அவளுக்குத்தான் பாக்குறேன்."

"உங்களுக்கு?"

"பாத்து அஞ்சு மாசமாச்சு."

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் உங்களை உட்கார வைத்து, விரலைப் பிடித்துக் குத்தினேன். முந்நூற்று எண்பத்து நான்கு. அந்த எண் மின்னிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு உங்கள் ஊசியைக் குறைத்திருக்கிறார்கள். நீங்களும் சொன்னபடி குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க? அவ்வளவு பயமா கம்பெனிக்கு?"

"கம்பெனி ஒரு பக்கம் இருக்கட்டும்" என்றீர்கள். "நம்பரு ஏறுன அன்னைக்கி உம் மூஞ்சியப் பாக்க முடியல பாப்பா. ரிஜெக்ட் ஆன பீஸத் தள்ளி வைக்கிற மாதிரி பாக்குற."

அன்றைய டீ ஆடை கட்டிப் போகும்வரை நாம் இருவரும் குடிக்கவில்லை. கொஞ்சம் கழித்து நீங்கள்தான் சொன்னீர்கள். "என்னய விடு. அவளப் பாக்கச் சொல்லு மொதல்ல. அவ ஒரு பாவமும் அறியாதவ. விரலக் கேட்டேன், நீட்டுனா."

அங்கிருந்தே கங்காவுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் அம்மாவுடையது, உடம்பு அப்பாவுடையது, ரத்தம் அம்மாவுடையது. இந்த முறை அவர் திட்டவில்லை. "எனக்கும் டவுட் இத்து மேடம். ஆனா சரியா இருக்கற நம்பர்கிட்ட நான் எப்படிச் சண்டை போடறது?" என்றார். பிறகு, "நாளைக்குக் காலைல ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

அத்திபெலே தாண்டிப் பெங்களூருக்கு பஸ்ஸில் போகும்போது நீங்களும் அம்மாவும் ஜன்னலோரம், நான் எதிர் சீட்டில். தப்பு செய்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது போல இருந்தது. டாக்டர் உங்கள் காலுறையைக் கழற்றச் சொன்னார். புண் எலும்புவரை போயிருந்தது. இடது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். பிரஸ்ஸில் காப்பாற்றி வைத்திருந்த உடம்பில் முதலில் போனது அதுதான்.

அம்மாவுக்கு மாத்திரை போதும் என்றார்கள். பாண்டியம்மாள் என்ற பெயரில் இருந்த கடைசி ஐந்து மாத எண்களை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை ஏறத் தொடங்கிய நாளே இவ்வளவு தெளிவாகத் தெரிகிற மாதிரி யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், காலில் கட்டோடு, உங்களுக்கு அதிலும் ஒரு சின்னப் பெருமை.

கம்பெனி விஷயத்திலாவது உங்கள் சந்தேகம் பொய்யாகியிருக்கலாம். ஆகவில்லை. லீவுக்குக் கொடுத்த ஆஸ்பத்திரித் தாளில் எல்லாம் வெளிவந்துவிட்டது. திரும்பிப் போன அன்றே உங்களை பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து டூல் ரூம் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பாத்தியா, நான் சொன்னேனா இல்லயா?" என்றீர்கள்.

ஆனால் அதற்குப் பிறகு வந்த பதினான்கு மாதம் நன்றாக இருந்தது, இல்லையா? கங்கா உங்களுக்குத் தனிப் பக்கம் திறந்து கொடுத்தார். உங்கள் பெயரில், உங்கள் வயதில். மறைக்க இனி எதுவும் இல்லாததால் நீங்களே கம்ப்யூட்டரில் உட்காரப் பழகினீர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு, நூற்றறுபத்து நான்கு, தொண்ணூற்றேழு என்று எண்கள் கண்டபடி ஆடின. அவை ஆடியதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன். குறிப்பு எழுதும் கட்டத்தில், "கல்யாண வீட்டு லட்டு ரெண்டு" என்று நீங்கள் எழுதச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தேன். "லட்டு ஒன்று போதும் அங்கிள்" என்று அன்றே பதில் வந்தது. அந்தத் தாளை அச்செடுத்து முனியப்பா மாமாவிடம் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் சாவு அன்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது அவரும் அதில் எண் எழுதுகிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், கவுண்டரில் உட்கார்ந்தபடியே வியர்க்கிறது என்றீர்களாம். வேனில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு சில நேரம் வலிக்காமலே வரும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

ஐந்தாம் நாள் கங்கா போன் செய்தார். "அங்கிள் யாக்கே, ஏன் நாலு நாளா எழுதலை? ஊருக்குப் போயிட்டாரா?" சொன்னேன். அவர் அழுதது எனக்குக் கேட்டது. முகம் பார்த்துப் பழகாத எத்தனை பேர் நம்மைப் பற்றி நாலு நாளில் விசாரிப்பார்கள் அப்பா? பக்கத்தை மூடிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்போது என் கேள்வி. காரியம் முடிந்த பிறகு, புத்தி கேட்காமல், உங்கள் மீட்டரையும் அந்தப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மீட்டரில் நின்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றைத் தவிர. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மீட்டரில் இருநூற்று நாற்பத்தெட்டு. நீங்கள் எழுதியது நூற்று நாற்பத்தெட்டு.

ஒன்றும் இரண்டும் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். உங்கள் விரல் தடித்த விரல். தவறி அழுத்தியிருக்கலாம். ஆனால் அன்று காலை நான் சாப்பாட்டுப் பையோடு உங்கள் பின்னால் நின்றிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டா அந்த எண்ணை எழுதினீர்கள்?

சரியாக எழுதியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்கிறார் டாக்டர். கங்காவும் அதையே சொல்கிறார். பாதி நம்புகிறேன். அம்மாவிடம் கேட்டேன். "கை தவறியிருக்கும்த்தா" என்றாள். அவளையும் பாதிதான் நம்புகிறேன்.

நாற்பது நாளில் சர்க்கரை காணாமல் போகும், ஊசியைத் தூக்கிப் போடுங்கள் என்று பொடி விற்கிற பக்கங்கள் இப்போது இன்டர்நெட்டில் நிறைய வந்துவிட்டன. பக்கத்து வீட்டில் ஒன்றை அச்செடுத்துக்கூடக் கொடுத்தார்கள். அதை நான் முழுதாகவே நம்பவில்லை. அந்த அளவுக்கு நான் உங்கள் மகள்தான்.

போன வாரம் ஒருநாள் அம்மாவுக்கு இருநூற்றுப் பத்து வந்தது. எண்ணைச் சொல்லிவிட்டு அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. அத்தனை நாளும் உங்களிடம் அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

சந்தேகப்படுவதை விட்டுவிடுகிறேன் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். அது என் பிழைப்பு, உங்கள் ரத்தமும்கூட. ஆனால் ஒன்று செய்வேன் அப்பா. இந்த வீட்டில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும், நூறோ நானூறோ, முதலில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். பிறகுதான் அதை எழுதுவேன்.

உங்கள் ஒரே மகள்,
சுமதி